“அந்த ஆட்களே அப்படித்தான்”: மேடையில் சொன்னால் என்ன, அலுவலகத்தில் சொன்னால் என்ன?

திருகோணமலையில் தேர்தல் வந்தால் காணிப் பிரச்சினையும் கூடவே மேடையேறும். யாருடைய காணி உறுதி, எந்தத் திணைக்களத்தின் எல்லைக்கல் என்று தொடங்கும் பேச்சு, கைதட்டல் விழுந்ததும் ‘அந்த ஆட்களே அப்படித்தான்’ என்று முடியும். எல்லைக்கல்லை மாற்றி நட்டவர் தப்பிவிடுவார். கிண்ணியாவில் மீன் விற்பவரும் சேருவிலையில் வயல் செய்பவரும் பழியைச் சுமப்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவரில் எவரும் பாதியை எட்டாத மாவட்டம் இது. இன்று கைதட்டுபவருக்கும் நாளை ஒரு பட்டம் காத்திருக்கிறது.

இப்படிப் பேசுவது மட்டுமே குற்றமாகிவிடாது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் (2007 இன் 56 ஆம் இலக்கம்) 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடுக்கிறது. தண்டனை 10 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பிணை வழங்க மேல் நீதிமன்றத்துக்கே அதிகாரம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்.

கூர்மையான கத்திதான்; யார் கையில் என்பதே கேள்வி. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், கப்பல் சுக்கான் படமிட்ட உடை அணிந்த முஸ்லிம் பெண் ஒருவர், அதைத் தர்மச் சக்கரம் என்று எண்ணியவர்களால் இந்தச் சட்டத்தின் கீழேயே கைதானார். முத்திரை குத்துவதைத் தடுக்க வந்த சட்டம் முத்திரை குத்தவே பயன்பட்டது. எனவே பிடிக்காத பேச்சுக்கெல்லாம் பொலிஸுக்கு ஓடுவது எனக்கு உடன்பாடில்லை.

அதே வாக்கியம் அலுவலக மேசைக்கு வரும்போது விஷயம் வேறு. காணி அனுமதிப்பத்திரத்துக்குப் போன ஒருவரிடம், “உங்கள் ஆட்களுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள்” என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பினால், அது அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையை மீறுவதாகும். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்பவற்றால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது. கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களில் இனம், மதம் பார்த்துத் தடுப்பதற்கு எதிராக 12(3) இருக்கிறது.

அரச அதிகாரியின் செயலால் இந்த உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். பலர் தவறவிடுவது இதைத்தான்: கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் நடந்தே அந்த மாதம் போய்விடும்.

கொழும்புக்குப் போக வசதியில்லாதவர், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் தமிழிலேயே முறையிடலாம். சட்டத்தரணி தேவையில்லை. அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. 2018 இல் நகரப் பாடசாலை ஒன்றில் அபாயா அணிந்த ஆசிரியைகளைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் ஆணைக்குழுவரை போனது. தெருவில் அது இரு சமூகங்களின் சண்டை. முறைப்பாட்டிலோ சில ஆசிரியைகளின் உரிமை பற்றிய கேள்வி.

ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கெடுவில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். முறைப்பாட்டைக் கையளித்தது மட்டும் போதாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்ட காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகத்தான் சொன்னார்கள் என்றால் நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் நின்றவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவையுங்கள்.