பச்சை அணையுமுன் அம்மாவால் ஏன் வீதியைக் கடக்க முடிவதில்லை?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: அம்மாவுக்கு வயது 76, சீனி வருத்தம் இல்லை, முழங்கால் நோவும் இல்லை, வீட்டுக்குள் நன்றாக நடமாடுகிறார், ஆனால் காலி வீதியில் கலர் லைட் மாறுவதற்குள் பாதி தூரம்தான் போகிறார். ஏழரைச் சனி என்று யாரோ சொன்னார்களாம். சனிபகவானுக்குத் தொடைத்தசையில் என்ன வேலை?

தசையில் வேக இழை, மெதுவான இழை என இரண்டு வகை உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முள்ளந்தண்டிலுள்ள ஒவ்வொரு இயக்க நரம்புக்கலமும் நூற்றுக்கணக்கான இழைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. 60 தாண்டிய பிறகு இந்தக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன, அதிலும் வேக இழைகளை இயக்குபவை கூடுதலாக. அப்போது அநாதையான இழைகளை அயலிலுள்ள நரம்பு புதுக்கிளை விட்டு, தத்தெடுப்பது போல் எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வளர்க்கிற நரம்பின் குணம் இழைக்கு வந்துவிடும்! 1960இல் நரம்பியல் ஆய்வாளர் ஜோன் எக்கிள்ஸ் குழுவினர் பூனைகளில் வேகத்தசைக்கும் மெதுவான தசைக்கும் போகிற நரம்புகளை மாற்றித் தைத்துப் பார்த்தார்கள், வேகத்தசை மந்தமாகிவிட்டது. அம்மாவின் காலிலும் அப்படித்தான். தசை கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, வேகம் போய்விட்டது. தத்தெடுக்க ஆளில்லாத இழைகள் சுருங்கி அழிகின்றன.

சரி, இனி வீதிக்கு வருவோம். பிரித்தானியாவில் கடவை விளக்குகள் நீண்டகாலமாக விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பவரைக் கணக்கில் வைத்திருந்தன. 2012இல் வெளியான ஆய்வொன்றில், இங்கிலாந்தில் 65 தாண்டிய ஆண்களின் சராசரி 0.9, பெண்களுடையது 0.8. வீதி 15 மீற்றர் அகலம் என்றால், முதல் கணக்கில் 12.5 விநாடி, அந்தப் பெண்களுக்கோ கிட்டத்தட்ட 19. சிங்கப்பூர் 2009இலிருந்தே, முதியவர் தன் அட்டையைக் காட்டினால் சில விநாடிகள் கூட்டிக் கொடுக்கிறது.

உடம்புப் பக்கமும் வழி உண்டு. 1990இல் பொஸ்டனில், 90 வயதை அண்டியவர்களுக்கு 8 வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அம்மாவை வைத்தியரிடம் கேட்டுவிட்டு, கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து இருந்து பழகச் சொல்லுங்கள்.

எங்களிடம் 2000ஆம் ஆண்டிலிருந்தே முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் கருத்தில், பெரிய ஆய்வுகூடத்துக்குக் காசு தேடுவதற்கு முன், பிரஷர் பார்க்கிற கிளினிக்கிலேயே தரையில் 4 மீற்றர் கோடு போட்டு, ஒரு ஸ்டொப் வாட்சும் வைத்து நடைவேகத்தை அளக்கலாம். அந்த எண்களைக் கலர் லைட்டுக்கு நேரம் குறிக்கிறவர்களின் மேசைக்கும் அனுப்ப வேண்டும், கோப்பில் போட்டுப் பூட்டக்கூடாது.