லாரிக்கு நல்ல சத்தம் வேணுமா? சைலன்சரைக் கழற்றும் முன் கொஞ்சம் படியுங்க

"பாய், சத்தம் கொஞ்சம் கெத்தா வரணும், வேற சைலன்சர் போட்டு விடுங்க." இப்படிக் கேட்டு வேலூரில் எங்க ஷெட்டுக்கு வருகிற வண்டிகளில் பலவற்றுக்குச் சைலன்சரை மாற்றவே வேண்டியிருக்காது. சத்தம் கெட்டதற்குக் காரணம் புகை போகும் வழியில் இருக்கும் லீக்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கீழே குனிந்து பாருங்க. எந்த ஜாயின்ட்டில் கரி அப்பியிருக்கிறதோ அங்கேதான் புகை கசிகிறது. இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் இருக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். சூடேறினால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும், அதனால் மத்தியானம் கொண்டுவந்தால் பிடிபடாது. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவுக்குப் பிறகு வரும் ஃப்ளெக்சிபிள் பைப்பையும் விடாதீங்க. புகை வழியை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகட்டுக்கு முன்னால் லீக் இருந்தால் அந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்குகிறவருக்கு அது விளையாட்டில்லை.

லீக் எதுவும் இல்லை, சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கடகடவென்கிறது என்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. மாற்றத்தான் வேண்டும். பக்கத்திலேயே ஜல்லி, செங்கல் அடிக்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். புகையில் இருக்கும் நீராவி தண்ணீராகி உள்ளேயே தங்கி அரிக்கிறது. பெங்களூர், சென்னை என்று ஓடும் வண்டியில் சூடு நின்று பிடிப்பதால் அது காய்ந்துவிடும்.

இனி எதைப் போடுவது? ஆறு சிலிண்டர் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 75 முறை வெடிக்கிறது. அது அடித்தொண்டைச் சத்தம். அதை மட்டுப்படுத்த உள்ளே பெரிய அறைகள் வேண்டும். டாடா 2518-இல் இருக்கும் 5.9 லிட்டர் இன்ஜினுக்கு, சின்ன வண்டியான டாடா 407-இன் சைலன்சரை வெல்டிங் வைத்து மாட்டினால் புகை வெளியேற வழியில்லாமல் பின்னழுத்தம் ஏறும், இழுவை குறையும், டீசலும் கூடக் குடிக்கும். கண்ணாடிப் பஞ்சு அடைத்தது புதிதில் இனிமையாக இருக்கும். ஆனால் டீசல் கரி பஞ்சில் ஏறியதும் அந்த இனிமை போய்விடும். என்னைக் கேட்டால், அதே மாடலுக்கான அறை வைத்த சைலன்சர், கம்பெனி கொடுத்த பைப் விட்டம், தகடு கொஞ்சம் கனமானது. லீக் இல்லாமல் மாட்டினால் கேட்கும் அந்தச் சீரான உறுமல்தான் லாரிக்கு அழகு.

உள்ளே இருப்பதை வெட்டி எடுத்து வெறும் கூட்டை மாட்டச் சொல்கிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) சமயத்தில் பழையதை மாட்டி, காட்டிவிட்டு மறுபடி கழற்றும் வித்தையும் நடக்கிறது. ஆனால் ரோட்டில் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2). 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு லைசென்ஸும் 3 மாதம் போகும். சட்டம் இருக்கட்டும், சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இது. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றால் இரவு வரம்பு 40 டெசிபல். 150 கிலோவாட்டுக்கு மேற்பட்ட புது லாரிக்குக் கம்பெனிச் சைலன்சரோடு அனுமதிக்கும் அளவே சுமார் 80 டெசிபல். கூட்டை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்க.

டிரைவர் கதையும் உண்டு. ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் ஓட்டினால் காதும் மண்டையும் மரத்துப்போகும், டர்போ விசிலடிப்பதோ இன்ஜெக்டர் தட்டுவதோ கேட்காது. வைக்கோல் ஏற்றுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். அறையில் மோதி அணைய வேண்டிய கரிப்பொறி நேராக வெளியே வரும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியா? கையே வைக்காதீங்க. அந்தப் பெரிய டப்பாவுக்குள் சத்தம் அடக்குவது மட்டும் நடக்கவில்லை. கரி பிடிக்கும் ஃபில்டர், யூரியா கரைசல் வேலை செய்யும் பகுதி, சென்சார்கள் எல்லாம் அங்கேதான். கழற்றினால் விளக்கு எரியும், பவரைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும். சத்தம் மாறியிருந்தால் முதலில் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

மாட்டி முடித்ததும் ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறதா, பிரேக் ஹோஸுக்கும் வயரிங்குக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்க. ஆரணி வரை ஒரு லோடு அடித்துவிட்டு வந்து, ஆறியதும் கிளாம்ப் போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ளுங்க.