ஏழு நாற்காலிகளில் ஒன்று: கலிபோர்னியாவில் காவல்துறைக்குப் போகும் கவுண்டிப் பணம்

கலிபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மனநலத் துறையில், நெருக்கடிப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பணி நேரத்தில் பெரும்பகுதி ஒரு நகரக் காவல் அதிகாரியோடு ஒரே காரில் கழிகிறது. கார் நகரத்துடையது, என் சம்பளம் கவுண்டியுடையது. அந்த அதிகாரியின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கவுண்டி நகரத்துக்குத் திருப்பித் தருகிறது. இதைச் சொன்னால் நம் தமிழ்க் குடும்பங்கள் வியப்போடு பார்க்கின்றன. "போலீஸ் நகரத்து வரியில்தானே ஓடுகிறது?" என்று கேட்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனம் பிறழும் இரவில் கதவைத் தட்டப்போவது யார் என்பதை இந்தக் கணக்குதான் பெரிதும் முடிவு செய்கிறது.

இதன் தொடக்கம் சிறைகளில் இருக்கிறது. 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் சிறைகளில் அப்போது கொள்ளளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர் இருந்தார்கள், அதை 137.5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற ஆணை உறுதியானது. நெரிசல் வழக்கு என்றே பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் இணைக்கப்பட்டிருந்த கோல்மன் வழக்கு, மனநோயுள்ள கைதிகளுக்குச் சிகிச்சை கிடைக்காதது பற்றி 1990 முதல் நடந்துவந்தது. தற்கொலை எண்ணத்தோடு இருந்தவர்களைப் படுக்கை கிடைக்கும்வரை தொலைபேசிக் கூண்டு அளவிலான, கழிப்பறை இல்லாத இரும்புக் கூண்டுகளில் நிறுத்தி வைத்ததைத் தீர்ப்பே பதிவு செய்கிறது. கூண்டுகளின் படமும் பின்னிணைப்பில் இருக்கிறது.

சிறை நெரிசலைக் குறைக்க மாநிலம் இயற்றிய ஏபி 109 சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கடுமையானது, வன்முறையானது என்று சட்டம் வகைப்படுத்தாத குற்றங்களுக்காகச் சிறை சென்று வெளிவருபவர்களை அதற்குப்பின் மாநிலப் பரோல் துறை கண்காணிப்பதில்லை. கவுண்டியின் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) துறை கண்காணிக்கிறது. கண்காணிப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. இந்தச் சுமைக்கு ஈடாக மாநில விற்பனை வரியில் ஒரு பங்கு 58 கவுண்டிகளுக்கும் போகிறது. 2012 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 30ஆம் முன்மொழிவு அந்தப் பங்குக்கு மாநில அரசியல் சட்டத்தின் பாதுகாப்பையும் கொடுத்தது. கவுண்டி அலுவலகங்களில் இதைவிட உறுதியான பணம் குறைவு.

நகரக் காவல்துறைகள் இதில் பங்கு கேட்டதில் நியாயம் உண்டு. கணக்கில் எடுப்பது கடைசியாகத் தண்டனை பெற்ற குற்றத்தை மட்டும்; அதற்குமுன் வன்முறை வழக்கு இருந்தவரும் இந்தப் பட்டியலில் வரலாம். தலைமறைவானவரைத் தேடுவது, புரொபேஷன் அலுவலரோடு வீடுகளுக்குத் துணையாகப் போவது எல்லாம் நகரப் போலீஸின் தலையில் விழுகிறது. பல கவுண்டிகள் ஒப்பந்தம் போட்டு இதற்குப் பணம் தருகின்றன. எனக்கு இதில் மறுப்பு இல்லை.

மறுப்பு தொடங்குவது, அதே ஒப்பந்தத்தில் மனநல அழைப்புகளையும் சேர்த்துக் கட்டும்போது. நிர்வாகத்துக்கு அது வசதி: ஒரே நிதி, ஒரே அதிகாரி, இரண்டு வேலை. ஆனால் ஒப்பந்தம் எதை எண்ணச் சொல்கிறதோ அதைத்தான் காவல் நிலையம் எண்ணும். காலாண்டு அறிக்கையில் எத்தனை வீட்டுச் சோதனை, எத்தனை கைது, எத்தனை வாரண்ட் என்று கட்டங்கள் இருக்கும். விலங்கு மாட்டாமல் முடிந்த அழைப்பு எத்தனை, மருந்து தீர்ந்துபோனவரை மறுநாளே மருத்துவரிடம் சேர்த்தது எத்தனை என்று கேட்கும் கட்டத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கிட்சோஃப்ரினியா உள்ள ஓர் இளைஞர், திருட்டு வழக்கில் சிறை முடித்து அம்மாவின் வீட்டில் இருந்தார். கண்காணிப்பில் இருப்பவரின் வசிப்பிடத்தை வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம். அதிகாலையில் நான்கு பேர் வந்தார்கள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று தனக்குக் கேட்ட குரல்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். அது உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்று பதிவானது. விசாரணை இல்லாமலே பத்து நாள் வரை அடைத்து வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அப்படியே நடந்தது. வெளியே வந்தபோது நீண்டகாலமாகப் போட்டுவந்த ஊசியின் தேதி கடந்திருந்தது. வந்த அதிகாரிகள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அதில் ஒருவர் நெருக்கடித் தலையீட்டுப் பயிற்சி பெற்றவரும்கூட. 1988இல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய அந்த 40 மணி நேரப் பயிற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அன்று அவர் சோதனைப் பணியில் வந்திருந்தார்.

இந்தப் பணத்தை யார் பங்கிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு கவுண்டியிலும் திட்டத்தை வாக்களித்து முடிவு செய்யும் செயற்குழுவில் ஏழு பேர்: தலைவராகப் புரொபேஷன் துறைத் தலைவர், பிறகு ஒரு நகரக் காவல்துறைத் தலைவர், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர், தலைமை நீதிபதி அல்லது அவர் அனுப்புபவர். மிச்சமிருக்கும் ஒரே நாற்காலிக்கு சமூக நலம், மனநலம், போதைச் சிகிச்சை ஆகிய மூன்று துறைகளிலிருந்து ஒருவரைக் கவுண்டி மேற்பார்வையாளர் மன்றம் தேர்வு செய்யும். மனநலக் கூண்டுகளின் படம் இடம்பெற்ற வழக்கால் பிறந்த பணத்தில், மனநலத் துறைக்கு ஓர் இடம்கூட உறுதியில்லை. குழுவின் திட்டத்தை மன்றம் நிராகரிக்க ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். அதாவது குழு சொன்னதே நடைமுறை.

மனநலத்துக்கென்று தனிப் பணமும் உண்டு. 2004இல் வந்த 63ஆம் முன்மொழிவின்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு ஒரு சதவீத வரி. ஆனால் அது பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும் பணம். 2024 மார்ச்சில் மயிரிழையில் வென்ற 1ஆம் முன்மொழிவு, கவுண்டிகளின் பங்கில் 30 சதவீதத்தை வீட்டு வசதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2026 ஜூலையிலிருந்து அது செயலுக்கு வருகிறது. வீடற்றவருக்கு வீடுதான் முதல் மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த 30 சதவீதம் ஏற்கெனவே நடக்கும் வேறு சேவைகளிலிருந்துதான் வர வேண்டும். போலீஸ் இல்லாத நடமாடும் நெருக்கடிக் குழுக்களுக்கு மத்திய அரசு 85 சதவீதம் தந்த சலுகையும் மூன்றாண்டுகளுக்கு மட்டும். இப்படிப் பணம் குறையும்போது நிர்வாகிகளின் கண் எங்கே போகும்? அரசியல் சட்டப் பாதுகாப்புள்ள ஏபி 109 நிதிக்கும், அதை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் காவல்துறைக்கும்தான்.

செயற்குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம். பெரும்பாலும் பேச யாரும் வருவதில்லை. ஃப்ரீமாண்ட்டிலும் சான் ஹோசேயிலும் நம்மவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குக் கூட்டமாகப் போகிறார்கள், இங்கேயும் வரலாம். காவல்துறை ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள், எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள், மனநல ஊழியர் இரவுப் பணியிலும் உண்டா என்று விசாரியுங்கள். பல இடங்களில் எங்கள் குழு மாலையோடு முடிந்துவிடும். நெருக்கடிகள் அப்படி முடிவதில்லை.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. உடனடி ஆபத்து இல்லையென்றால் முதலில் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கத்தி, துப்பாக்கி, அடிதடி என்றால் 911 என்ற அவசர எண்தான். முதல் வாக்கியத்திலேயே இது மனநல அவசரம் என்று சொல்லுங்கள். ஆயுதம் உண்டா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, நெருக்கடிப் பயிற்சி பெற்ற அதிகாரியையோ மனநலக் குழுவையோ அனுப்பக் கேளுங்கள். அதிகாரிகள் வரும்போது விளக்குகள் எரியட்டும், கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

மாநிலச் சட்டத்தின் 5150 என்ற பிரிவின்கீழ், மனநல நெருக்கடியில் இருக்கும் ஒருவரை 72 மணி நேரம் வரை மருத்துவமனையில் வைக்கலாம். போலீஸ் மட்டுமல்ல, கவுண்டி அங்கீகரித்த மனநல ஊழியரும் அதைச் செய்ய முடியும். அப்போது குடும்பம் தரும் நோய் வரலாற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2002 முதல் சட்டமே சொல்கிறது. அதற்கான ஏபி 1424 படிவத்தைப் பல கவுண்டிகளின் மனநலத் துறை இணையதளங்களில் காணலாம். நிம்மதியான ஒரு நாளில் நிரப்பி வையுங்கள்: மருந்துகள், முன்பு ஒத்துவராத மருந்துகள், மருத்துவர், முந்தைய நெருக்கடிகள். நம்மவர்கள் இதில் "சற்றுக் கோபக்காரர்" என்று பூசி மெழுகி எழுதுகிறார்கள். மூன்று நாள் சாப்பிடவில்லை, அடுப்பைத் திறந்து விட்டார், தங்கையின் கழுத்தைப் பிடித்தார் என்று நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதுங்கள். நோயாளி வயதுக்கு வந்தவராக இருந்தால், அவர் ஒப்புதல் இல்லாமல் மருத்துவர் உங்களிடம் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் கொடுக்கும் தாளை வாங்கிப் படிக்க மருத்துவருக்கு எந்தத் தடையும் இல்லை.