தொட்டால் ஒட்டவில்லை, ஆனால் காயவும் இல்லை

நகப்பூச்சு சீக்கிரம் காய ஐஸ் தண்ணீரில் விரலை முக்கி வைக்கச் சொல்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தண்ணீரிலிருந்து எடுத்தபோது பூச்சு கெட்டியாகத்தான் இருந்ததாம். ஆனால் தூங்கி எழுந்து பார்த்தால் போர்வையின் நெசவு வரிவரியாக நகத்தில் பதிந்திருந்ததாம். அவர் கவனித்த இரண்டுமே சரி. இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்க முடியும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாட்டிலில் இருப்பதில் பெரும்பங்கு கரைப்பான். வழக்கமாக எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் கலந்திருக்கும். அதில் கரைந்திருக்கும் முக்கியமான பாலிமர், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள், நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்துச் செய்வது. 1840களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன் இதை வெடிபஞ்சாகச் செய்து காட்டினார். பிறகு கற்பூரத்தோடு சேர்ந்து செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் ஆனது. 1920களில் கார்களுக்கு அடிக்கும் விரைவில் காயும் வண்ணப்பூச்சானது. அங்கிருந்துதான் நகத்துக்கு வந்தது. இவற்றோடு பூச்சு விரிசல் விடாமலிருக்க இளக்கிகள், பளபளப்புக்கு ரெசின், நிறமி, நிறமி அடியில் படியாமல் தாங்கிப் பிடிக்க ஒருவகைக் களிமண்.

இந்தப் பூச்சு காயும்போது புதிதாக எந்த வேதிவினையும் நடப்பதில்லை. கரைப்பான் வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மாதக்கணக்கில் இறுகிப்போன பூச்சைக்கூட அசிட்டோன் தொட்ட பஞ்சு நொடியில் கரைத்து எடுத்துவிடுகிறது. ஆகவே சீக்கிரம் காய வைப்பது என்றால் கரைப்பானைச் சீக்கிரம் வெளியே அனுப்புவது. வேறு குறுக்கு வழி கிடையாது.

முதல் சில நிமிடங்கள் எளிமையானவை. எத்தில் அசிட்டேட் 77 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பியூட்டைல் அசிட்டேட் 126 டிகிரியில். முன்னது முந்திக்கொண்டு பறக்கும், பின்னது நிதானமாகப் போகும். அந்த நிதானமும் தேவைதான். தூரிகைக் கோடுகள் தானாக நிரவிக்கொள்ள அதுதான் நேரம் கொடுக்கிறது. எல்லாமே ஒரேயடியாகப் பறந்தால் நகத்தின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு வெளிறிப்போகும். இந்தக் கட்டத்தில் மின்விசிறி நன்றாக உதவும். நகத்துக்கு மேல் தேங்கி நிற்கும் ஆவியைக் காற்று தள்ளிக்கொண்டு போவதால் அடுத்த மூலக்கூறுகளுக்கு இடம் கிடைக்கிறது.

இதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கரைப்பான் மேற்பரப்பிலிருந்துதான் பறக்க முடியும். அடியில் இருப்பது முதலில் மேலே வந்து சேர வேண்டும். வந்து சேரும் வேகத்தைவிடப் பறக்கும் வேகம் அதிகமாக இருந்தால், மேற்பரப்பில் பாலிமர் மட்டும் நெருங்கி ஒரு ஏடு கட்டுகிறது. விரலால் மெல்லத் தொட்டால் ஒட்டாது. காய்ந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஏட்டுக்குக் கீழே பூச்சு இன்னும் குழைவாகவே இருக்கிறது.

சரி, அந்த மிச்சக் கரைப்பான் ஏன் அத்தனை மெதுவாக வெளியேறுகிறது? பாலிமர் என்பது ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நீளமான சங்கிலிகள். கரைப்பான் மூலக்கூறு தானாக முட்டி மோதி வழி உண்டாக்க முடியாது. பக்கத்துச் சங்கிலி சற்றே நெளியும்போது ஒரு கண இடைவெளி திறக்கும். அந்தக் கணத்தில் ஒரு எட்டு எடுத்து வைக்கும். சங்கிலிகள் அப்படித் தாராளமாக நெளிவதற்குக் காரணமே நடுவில் நுழைந்து அவற்றை விலக்கி வைத்திருக்கும் கரைப்பான்தான். அது போகப்போகச் சங்கிலிகள் நெருங்குகின்றன, நெளிவு குறைகிறது, இடைவெளி திறப்பது அரிதாகிறது. கூட்டம் கலையும் ஓர் அரங்கத்தில், ஒவ்வொருவர் வெளியேறும்போதும் வாசல் கொஞ்சம் குறுகினால் எப்படி இருக்கும்? கடைசியில் மாட்டிக்கொள்பவர்களின் நிலைமைதான் கடைசிக் கரைப்பானின் நிலைமை. ஈரப் பூச்சில் நகர்ந்த வேகத்தோடு ஒப்பிட்டால் அப்போது அது நகரும் வேகம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடுகிறது.

ஒரு கட்டத்தில் சங்கிலிகள் அனேகமாக அசைவற்று நின்றுவிடும். இதைக் கண்ணாடி நிலை மாற்றம் என்கிறார்கள். திரவம் உறைந்து படிகமாவதைப் போன்றதல்ல இது. ஒழுங்கில்லாமல் கிடந்த சங்கிலிகள் கிடந்த கோலத்திலேயே இறுகிப்போவது. பாலிமரை இந்த நிலைக்குக் கொண்டுபோக இரண்டு பாதைகள் உண்டு: கரைப்பானை வெளியேற்றலாம், அல்லது குளிர வைக்கலாம்.

ஐஸ் தண்ணீர் செய்வது இரண்டாவதை. வெப்பம் குறைந்ததும் சங்கிலிகளின் ஆட்டம் அடங்கி, பூச்சு அந்த நேரத்துக்குக் கெட்டியாகிவிடுகிறது. கரைப்பானோ பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. எத்தில் அசிட்டேட் தண்ணீரில் ஓரளவு கரையும் என்பது உண்மைதான். ஆனால் குளிரில் ஆவியாதலும் குறைகிறது, உள்ளிருந்து மேலே வரும் நகர்வும் குறைகிறது. விரல் மீண்டும் உடல் சூட்டுக்குத் திரும்பும்போது பூச்சும் தன் பழைய குழைவுக்குத் திரும்பிவிடும். அவசரமாகச் செருப்பை மாட்டவோ பையில் கைவிடவோ வேண்டியிருந்தால் அந்த ஓரிரு நிமிடக் கெட்டித்தன்மை பயன்படலாம். காய வைக்கும் வழியாக அதைச் சொல்வது தவறு.

இந்த மாதிரிக் குறிப்புகள் வாய்வழியாகப் பரவி, சோதிக்கப்படாமலே நம்பிக்கையாக உறைந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சோதிப்பது அத்தனை சுலபம்! ஒரே பாட்டில், ஒரே அளவு பூச்சு, ஒரு கை ஐஸ் தண்ணீரில், மறு கை காற்றில். எடுத்துத் துடைத்து, இரண்டு கைகளும் ஒரே சூட்டுக்கு வந்தபின் நகத்தின் ஓரத்தில் ஒரு துணியை அழுத்திப் பாருங்கள். எந்தக் கையில் நெசவு ஆழமாகப் பதிகிறதோ அந்தக் கையில் கரைப்பான் அதிகம். மனித உடலே ஒப்பீட்டுக்கென்று இரண்டு கைகளைக் கொடுத்திருக்கும்போது, இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஏன் செய்யக் கூடாது என்று புரியவில்லை.

உண்மையில் பலன் தருவது பூச்சின் கனம். கரைப்பான் மேலே வர எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. ஒரே கனத்த பூச்சாக அப்பாமல் மூன்று மெல்லிய பூச்சுகளாகப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு நேரம். மூன்றுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குதான். நடைமுறையில் கணக்கு இத்தனை சுத்தமாக வராது. புதுப் பூச்சின் கரைப்பான் கீழே இறங்கி, காய்ந்ததையும் கொஞ்சம் இளக்கிவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடம் பொறுக்க வேண்டும். தூரிகையைப் பாட்டிலின் கழுத்தில் நன்றாக வழித்துவிட்டு எடுப்பதுதான் வீட்டில் செய்யக்கூடியவற்றில் எல்லாவற்றையும்விட நல்ல காரியம்.

முடி உலர்த்தியைச் சூடாக வைத்து ஊதுவது அவசரக்காரர்கள் செய்வது. சூடு ஆவியாதலைத் தூண்டுவது சரிதான், ஆனால் ஏடும் சீக்கிரம் கட்டும். அடியில் மாட்டிய கரைப்பான் ஆவி குமிழிகளாகக் கிளம்பும். குளிர்காற்றில் வைத்து ஊதினால் பாதகமில்லை. எண்ணெய்ச் சொட்டு விடுவது எதையும் காய வைப்பதில்லை. மேற்பரப்பு வழுக்குவதால் உரசினாலும் பூச்சு இழுபடாது, அந்த அளவில் பயனுள்ளதே. விரைவில் காயும் மேல்பூச்சு தன் பங்குக்கு ஒரு கெட்டியான மேற்புறத்தைத் தருகிறது. அடியில் கனத்த பூச்சு இருந்தால் அது குழைவாகவே கிடக்கும். ஜெல் பூச்சுக்கான புற ஊதா விளக்கில் சாதாரணப் பூச்சைக் காட்டிப் பலனில்லை. ஜெல்லில் ஒளிபட்டதும் சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு பாலிமராகின்றன. சாதாரணப் பூச்சில் அந்த வேதியியலே இல்லை.

வண்ணப்பூச்சு காய்வதை ஆராய்வதா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. மாத்திரையின் மேல்பூச்சும், லித்தியம் பேட்டரியின் மின்முனைத் தகடுகளும் இதே இயற்பியலில்தான் காய்கின்றன. அவற்றிலும் அவசரப்பட்டு உலர்த்தினால் பூச்சின் தரம் கெடும். இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

பழைய பாட்டில் கெட்டியாகிப்போய் மெல்லிய பூச்சே வரவில்லை என்றால், அதிலிருந்து எத்தில், பியூட்டைல் அசிட்டேட்டுகள் பறந்துவிட்டன என்று பொருள். அவற்றையே கொண்ட நகப்பூச்சுத் தின்னரைச் சில சொட்டு விட்டு, பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் குமிழி சேரும். பூச்சை அழிக்கும் நீக்கியை ஊற்ற வேண்டாம், அதிலுள்ள தண்ணீரும் எண்ணெயும் கலவையைக் கெடுக்கும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கரைப்பானின் ஆவியும் சரி, நைட்ரோசெல்லுலோஸும் சரி, சட்டென்று தீப்பற்றுபவை.