அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தொழில்: எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம்

இலங்கையில் அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீத ஒதுக்கீடு இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அதைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பதவிக்குரிய கல்வித் தகைமை இருக்க வேண்டும், குறைபாடு கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. சாதாரண தரம் எழுதாத பிள்ளைக்கு இதனால் என்ன பயன்? தனியார் கம்பனிகளையோ இது கட்டுப்படுத்தாது.

ஆகவே பயிற்சியில் இருந்து தொடங்குங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில், அது கரைச்சியோ துணுக்காயோ ஒட்டுசுட்டானோ, சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தங்கிப் படிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களைச் சமூக சேவைகள் திணைக்களம் நடத்துகிறது. கம்பஹா மாவட்டத்துச் சீதுவையில் உள்ளது அவற்றில் ஒன்று. விண்ணப்பிக்க முன் தமிழில் படிப்பிப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டை விட்டுப் பிரிந்திராத பிள்ளை, மொழியும் விளங்காத இடத்தில் தவித்துப்போகும்.

தூர அனுப்ப மனமில்லையா? ஊரிலேயே பழக்கலாம். மிளகாய்த்தூள் பொதி செய்யும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தராசில் இலக்கம் வாசிக்கத் தெரியாவிட்டால், முள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தால் போதும். முதல் சில கிழமை ஒருவர் பக்கத்தில் நின்று, ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் செய்யவிட வேண்டும். அவசரப்படுத்தினால் எல்லாம் குழம்பும். நாற்றுமேடையில் பை நிரப்புவதையும் இப்படியே பழக்கலாம். கை பழகியபின், செய்து காட்டும் திறமையை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள்.

வீட்டோடு தொழில் தொடங்குவதென்றால் சுயதொழில் உதவிக்கும் அதே உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. உடற்குறைபாடு மட்டுமல்ல, உள ஆற்றலில் உள்ள குறைபாடும் அதில் அடங்கும். மீறினால் மேல் நீதிமன்றம் போகலாம். வழக்குப் பேச எல்லோராலும் முடியாது. என்றாலும், "இப்படியான ஆட்களை எடுக்கிறதில்லை" என்று ஒரு முதலாளி முகத்துக்கு நேரே சொன்னால், இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.