ஒரு விசை, மூன்று எண்கள்

ஆங்கில 'சி' (C) என்று பொறித்த விசையை அழுத்தினால் அந்த எழுத்தே கணினிக்குள் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். விசைப்பலகைக்கோ எழுத்து எதுவும் தெரியாது. இன்ன இடத்தில் உள்ள விசை அழுந்தியது, பிறகு விடுபட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். விண்டோஸில் அந்த இடத்தைக் குறிக்கும் எண், அதாவது ஸ்கேன் குறியீடு, 46. இயங்குதளம் அதை 67 என்ற விசைக் குறியீடாக மாற்றி, செயலிக்கான தகவல்கள் காத்திருக்கும் செய்தி வரிசையில் சேர்க்கிறது. எழுத்து முடிவாவது அதற்கும் பிறகுதான்: ஆங்கில விசையமைப்பு என்றால் 99, அதாவது சிறிய 'சி', தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பு என்றால் 'ஒ', எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறியில் 2962.

ஆகவே, நகலெடுக்கும் குறுக்குவிசைக்காக (கண்ட்ரோலோடு 'சி') 67 வந்ததா என்று பார்க்கும் செயலி தமிழிலும் ஒழுங்காக இயங்கும். எழுத்து 'சி'தானா என்று பார்க்கும் செயலியோ, தமிழுக்கு மாறிய உடனே குறுக்குவிசையை மறந்துவிடும்.

வரிசையிலிருந்து எடுத்த ஒவ்வொரு செய்தியையும் முதலில் குறுக்குவிசைப் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றை மட்டுமே எழுத்தாக மாற்ற அனுப்ப வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டுப் புதிதாக எடிட்டர் எழுதுபவர்கள் ஒரு வேடிக்கையைக் காண்பார்கள்: கண்ட்ரோலோடு 'எஸ்' அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படாமல், உரைக்குள் ஒரு விநோதக் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். அது 19ஆம் எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறி. ஆங்கில எழுத்துகளுக்கு எண் தந்த பழைய ஆஸ்கி முறையின் வழக்கப்படி, கண்ட்ரோலோடு சேரும் எழுத்து அகரவரிசையில் தன் இடத்தையே எண்ணாகத் தருகிறது. 'எஸ்' 19ஆவது எழுத்து.

இதைவிடத் தொல்லையானது இடைவெளி விசைக்கு வலப்புறமுள்ள ஆல்ட்ஜிஆர் (AltGr) விசை. விண்டோஸ் அதைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுந்தியதாகவே கொள்கிறது. போலந்து நாட்டவர் அதோடு 'எஸ்' விசையை அழுத்தித்தான் தம் மொழியின் மேற்குறியிட்ட 'எஸ்' எழுத்தைப் பெறுகிறார்கள். கண்ட்ரோல், ஆல்ட், 'எஸ்' மூன்றையும் வேறொரு பணிக்கு ஒதுக்கிய செயலியில் அவர்களால் அந்த எழுத்தைத் தட்டச்சு செய்யவே முடியாது. தன் மேசையில் அமெரிக்க விசைப்பலகை மட்டுமே வைத்திருக்கும் நிரலருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது என்பதுதான் சங்கடம்.

ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கும் நெடுநேரம் நிற்பதில்லை. ஜப்பானிய மொழியில் ஒலியைத் தட்டச்சு செய்தபின், உரிய எழுத்தை உறுதிசெய்யவும் என்டர் விசைதான் பயன்படுகிறது. என்டர் என்றாலே 'அனுப்பு' என்று பொருள்கொள்ளும் அரட்டைச் செயலி, பாதி எழுதிய சொல்லை அனுப்பிவிடும்.

தமிழ்99 முறையில் 'க' விசையை அடுத்து 'ஒ' விசையை அழுத்தினால் 'கொ' வருகிறது. திரையில் ஒன்றாகத் தெரியும் இது நினைவகத்தில் 2965, 3018 என்ற இரண்டு குறியீடுகள். பெரும்பாலான எடிட்டர்களில் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய்க் 'க' எஞ்சும். 'கொ'வுக்கு முன்னால் நின்று டெலீட்டை அழுத்தினாலோ இரண்டும் சேர்ந்தே அழியும்.