நாவல் படியுங்கள், நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்

பிணைக்கைதிக்கும் கடத்தியவனுக்கும் இடையே பாசம் துளிர்க்கும் நாவல்கள் எனக்கும் பிடிக்கும். வாசகராக எனக்கு அவற்றோடு சண்டை ஏதும் இல்லை. மனநல ஆலோசகராகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றைப் படித்த கையோடு, கணவனின் அடிஉதையிலிருந்து மீண்டு வந்த தங்கையை அழைத்து வந்து, "இவளுக்கு ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம், சரி பண்ணிக் கொடுங்கள்" என்று அவள் முன்னாலேயே சொல்கிறார் ஓர் அண்ணன். இதே வசனத்தை அக்காக்கள் சொல்லி, அப்பாக்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

பிடித்து வைத்தவன் மேலேயே கைதிக்குப் பாசம் வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அப்படி ஒரு நோய் பட்டியலிலேயே கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியலிலும் இல்லை.

பெயர் வந்த கதையையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1973 ஆகஸ்ட் 23 அன்று ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார் யான்-எரிக் ஓல்சன். ஊழியர்கள் நான்கு பேர் ஆறு நாட்கள் அவர் பிடியில் இருந்தார்கள். போலீஸ் அவர்களையும் சேர்த்துப் பெட்டக அறையில் வைத்துக் கதவைப் பூட்டியது, மேலிருந்து கூரையைத் துளைத்தது, கடைசியில் கண்ணீர்ப்புகை விட்டது. உள்ளே இருந்த கிறிஸ்டின் என்மார்க் பிரதமர் ஓலோஃப் பால்மவைத் தொலைபேசியில் பிடித்து, ஓல்சனோடு தங்களை வெளியே போக விடுங்கள் என்று கெஞ்சினார், மறுப்புதான் கிடைத்தது. வேலை செய்யும் இடத்திலேயே உயிர் விடுவது நல்லதில்லையா என்கிற மாதிரி பிரதமர் கேட்டதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். இந்த நிலைமையில் அந்தப் பெண் யாரை நம்பியிருக்க வேண்டும்? துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரைச் சமாதானமாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதைத்தான் செய்தார். போலீசுக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட், அவரிடம் ஒரு வார்த்தை பேசாமலே அதற்கு ஒரு சிண்ட்ரோம் பெயர் வைத்தார். எங்கள் தொழிலில் நோயாளியைப் பார்க்காமல் நோயைச் சொல்வது தவறு. ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

சரி, அப்படியானால் அந்த நன்றியுணர்ச்சி பொய்யா? இல்லை. அதே வங்கியில் இன்னொரு பெண்ணுக்கு மூடிய அறை என்றால் மூச்சு முட்டும். கழுத்தில் கயிறு கட்டி அறைக்கு வெளியே கொஞ்சம் நடக்க விட்டார் ஓல்சன். எவ்வளவு நல்லவர் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. ஆண் ஊழியரிடம், போலீசை மிரட்ட உன்னைச் சுடுவேன், ஆனால் காலில்தான் சுடுவேன் என்றார். அவருக்கும் நன்றி உணர்வே வந்தது. கொல்லக்கூடியவன் கொல்லாமல் விடும் ஒவ்வொரு நிமிடமும் உபகாரம் மாதிரித்தான் தெரியும். கயிற்றை மறந்துவிட்டு அந்த நடையை மட்டும் பார்த்தால் காதல் கதை கிடைத்துவிடும். அடிக்கும் கணவன் ஒருநாள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கித் தந்ததை என்னிடம் அழுதபடி சொல்லும் பெண்ணும் காதலைச் சொல்லவில்லை.

நாவலாசிரியர்களுக்குப் பிடித்த லிமா சம்பவமும் உண்டு. 1996 டிசம்பர் 17 அன்று பெருவில் ஜப்பானியத் தூதரின் இல்லத்தை 14 கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கானோரைச் சீக்கிரமே விடுவித்தார்கள். கைதிகள் மேல் பிடித்தவர்களுக்கு இரக்கம் என்று இதற்கும் 'லிமா சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர்! ஆனாலும் 72 பேரை 126 நாட்கள் வரை வைத்திருந்தார்கள். 1997 ஏப்ரல் 22 அதிரடியில் 14 பேரும் செத்தார்கள். ஒரு கைதியும் இரண்டு படைவீரர்களும் இறந்தார்கள்.

இனி, மீண்டு வந்தவர்களை அழைத்து வரும் உங்களுக்கு. "கதவு திறந்துதானே இருந்தது, ஏன் ஓடவில்லை?" என்று கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். விட்டு வெளியேறும் நேரமும் அதற்கு அடுத்த சில வாரங்களும்தான் ஆபத்து மிகுந்தவை என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அடித்தவனைத் திட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். திட்டத் திட்ட அவனுக்காக வாதாடும் நிலைக்குத்தான் அவர்களைத் தள்ளுவீர்கள். அவன் கைதான செய்தி கேட்டு அழுதால் அழட்டும்.

இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவர் என்றால் வேலை வேறு. சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், நம்பகமான ஒருவரின் எண், போய்ச் சேர ஓர் இடம். இவை தயாராகும்வரை வீராவேசமாக வாசலில் போய் நிற்காதீர்கள். செய்தி அனுப்பும் முன் அவரது கைபேசியை வேறு யாரும் பார்ப்பதுண்டா என்று யோசியுங்கள்.

அப்புறம், ஆலோசகரிடம் அழைத்து வந்தால் வெளியே உட்காருங்கள். அவர் பேசட்டும்.